பரணில் 212 டிஸ்க்: எதை வைக்கலாம், எதை விற்கலாம்?

கோத்தகிரி கேம் சென்டர்

எல்லாருக்கும் வணக்கம். 2006லேர்ந்து 2014 வரைக்கும் கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்கு மேல ஒரு ரூம்ல கேம் சென்டர் வச்சிருந்தேன். நாலு பிஎஸ்2 (டிவியில சொருகி விளையாடற சோனி பிளேஸ்டேஷன் 2), நாலு டப்பா டிவி, மணிக்கு 15 ரூபாய். பச்சைத் தேயிலைக்குப் பணம் வர்ற வாரம் உக்கார இடம் இருக்காது. படுகர் ஊர்கள்ல ஹெத்தையம்மன் பண்டிகை நாள்ல ஒரு பையன் எட்டிப் பார்க்க மாட்டான். அப்புறம் ஆளுக்கொரு போன் வந்துச்சு, கடையை மூடிட்டேன்.

போன மாசம் பரண்ல கிடந்த பெட்டியை இறக்கினேன். 212 டிஸ்க், ஆட்டத்தை விட்ட இடத்தைப் பதிஞ்சு வைக்கற மெமரி கார்டு 11, ரெண்டு பிஎஸ்2. அதுல ஒண்ணு ஓடுது. டிஸ்க்ல பாதிக்கு மேல வெள்ளை வெள்ளையா பூஞ்சை. ஒரிஜினல் 60 தேறும். மத்ததெல்லாம் அந்தக் காலத்துல சென்டர்கள்ல ஓடின காப்பி டிஸ்க், மறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. கோயம்புத்தூர்ல ஒருத்தர் ஒரிஜினல் மொத்தத்தையும் ஒரே விலைக்கு எடுத்துக்கறேங்கிறார்.

நான் யோசிக்கறது விலையைப் பத்தி இல்லைங்க. என் பொண்ணுக்கு 12 வயசு. பெட்டியைக் கிளறி, ஷேடோ ஆஃப் த கொலோசஸ் அட்டையை எடுத்து "இது என்ன கதைப்பா?"ன்னு கேட்டா. அத்தனை வருஷம் என் கடையில இருந்த டிஸ்க், எனக்குப் பதில் தெரியல. கதை ஓடற இடம் வந்தாலே பசங்க ஸ்டார்ட் பட்டனை அமுக்கிடுவாங்க. கடிகாரம் ஓடிட்டிருக்கு, திரையில ஆளுங்க பேசறதைப் பார்க்கவா 15 ரூபாய்? நானே பின்னாடி நின்னு "அமுக்குடா, டைம் போகுது"ன்னு சொல்லியிருக்கேன். எட்டு வருஷம் என் கடையில ஓடினது மல்யுத்தம், ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ், கார் ரேஸ், புட்பால். அவ்வளவுதான்.

இப்ப நானும் அவளும் தினம் ராத்திரி அந்தக் கொலோசஸ் கேமோட அரை மணி நேரம் உக்கார்றோம். பெரிய பெரிய பூதங்களை ஒவ்வொண்ணா வீழ்த்தணும். அஞ்சாவது பூதத்துக்கிட்ட வந்து நிக்கறோம். அந்தக் கதையை அப்புறம் சொல்றேன். முதல்ல இந்த டிஸ்க்குகளுக்கு ஒரு வழி சொல்லுங்க. பூஞ்சையை எப்படி எடுக்கறது?

கூடலூர் பையன்

அண்ணா, வித்துடுங்க. யோசிக்கவே வேண்டாம். ஷேடோ ஆஃப் த கொலோசஸ் 2018லயே பிஎஸ்4க்குப் புதுசா செஞ்சு வந்துடுச்சு, படம் கண்ணாடி மாதிரி இருக்கும். பழைய டிஸ்க்ல மங்கலா எதுக்குப் பார்க்கணும்?

கதைன்னா இப்ப வர்றதுதான் கதை. தி லாஸ்ட் ஆஃப் அஸ் முதல் இருபது நிமிஷம் போதும், ஆளை உலுக்கிடும். 2018ல வந்த காட் ஆஃப் வார்ல கேமரா ஆரம்பத்துலேர்ந்து முடிவு வரைக்கும் ஒரு வெட்டு இல்லாம அப்பாவையும் பையனையும் தொடர்ந்து போகுது. பிஎஸ்2 காலத்துல இதெல்லாம் நெனச்சே பார்த்திருக்க மாட்டாங்க. வர்ற காசுல ஒரு பிஎஸ்5 வாங்கி பாப்பாவோட விளையாடுங்க.

இந்துநகர் மகள்

அண்ணா, விற்கிறீர்களோ வைக்கிறீர்களோ, பூஞ்சையை முதலில் எடுங்கள். பக்கத்து டிஸ்க்குக்கும் பரவும்.

எங்கள் அப்பா இங்கே இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸில் வேலை பார்த்தவர். ஊட்டி ஈரத்தில் ஃபிலிமைக் காப்பாற்றிய கை. அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறேன். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு விட்டு, டிஸ்க்கை நனைத்து, மிருதுவான மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேர்கோடாகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால், கீறல் விழும்போது அது தடத்தோடேயே ஓடிவிடும், பிளேயரால் தாண்ட முடியாது. குறுக்கே விழும் சின்னக் கீறலைப் பிழைதிருத்தம் சமாளித்துக்கொள்ளும். பற்பசை போட்டுத் தேய்க்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

டிவிடியில் தகவல் இருக்கும் அடுக்கு 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டுக்கு நடுவில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் தைரியமாகக் கழுவலாம். அடிப்பக்கம் நீலமாக இருக்கும் பிஎஸ்2 டிஸ்க்குகள் சிடி வகை. அவற்றில் படம் அச்சிட்ட மேல்பக்கத்துக்கு அடியிலேயே அலுமினியப் பூச்சு, மேலே வெறும் மெல்லிய அரக்குதான். எல்லோரும் அடிப்பக்கத்தைப் பார்த்துப் பார்த்துத் துடைத்துவிட்டு மேல்பக்கத்தை மேஜையில் தேய்ப்பார்கள். செத்துப்போவது அங்கேதான்.

காப்பி டிஸ்க்குகள் கரிமச் சாயத்தில் எழுதப்பட்டவை. சாயம் வெளுத்தால் துடைத்துப் பயனில்லை. அவற்றை விட்டுவிடுங்கள்.

காய்ந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு நிற்க வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் திரும்ப வேலை செய்யும், அந்த வாணலியில் பிறகு சமைக்காதீர்கள். அரிசி வேண்டாம், மாவு படியும். டிஜிட்டல் கேமரா வந்ததும் ஃபிலிமுக்கு என்ன ஆனது என்று எங்கள் ஊருக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அப்பா எடுத்த நெகடிவ்கள் மட்டும் இன்றைக்கும் பளிச்சென்று இருக்கின்றன.

குன்னூர் மழை

கூடலூர் தம்பி சொல்வதில் ஒன்றை மட்டும் ஒத்துக்கொள்ள முடியவில்லை. "இப்ப வர்றதுதான் கதை." கதை கூடுவதும் குறைவதும் காசு எப்படி வசூலாகிறது என்பதைப் பொறுத்தது. கோத்தகிரி அண்ணன் தன் கடையில் பார்த்ததும் அதுதான்.

1978ல் ஸ்பேஸ் இன்வேடர்ஸ் வந்தபோது காசு போட்டால்தான் ஆட்டம். ஆள் சீக்கிரம் சாக வேண்டும், அடுத்த காசு விழ வேண்டும். அங்கே கதைக்கு ஏது நேரம்? வீட்டு டிவியில் இணைக்கும் கன்சோல் வந்ததும் கேம் ஒரே தடவை விற்கும் பொருளாயிற்று. அப்போதுதான் "இந்தக் கேம் நாற்பது மணி நேரம் ஓடும்" என்பது விளம்பரமாயிற்று, கதை நீண்டது. 1983ல் அமெரிக்காவில் கன்சோல் வியாபாரமே படுத்தது. குப்பைக் கேம்கள் குவிந்ததும் ஒரு காரணம். அடாரி நிறுவனம் விற்காத கேசட்டுகளை நியூ மெக்சிகோவில் ஆலமோகோர்டோ குப்பைக் கிடங்கில் புதைத்தது, 2014ல் தோண்டி எடுத்தார்கள். அதற்குப் பிறகு வந்த நின்டெண்டோ, தன் அனுமதி இல்லாத கேசட் ஓடாதபடி கன்சோலுக்குள் பூட்டுச் சிப் வைத்தது. கன்சோலைக் குறைந்த லாபத்தில், சில சமயம் நஷ்டத்தில்கூடக் கொடுத்துவிட்டு, விற்கும் ஒவ்வொரு கேமிலும் பங்கு எடுப்பது என்ற கணக்கு இன்றுவரை தொடர்கிறது.

ஃபைனல் ஃபேன்டஸி 7 என்ற கதைக் கேம் இன்னொரு நல்ல உதாரணம். அதுவரை அந்த வரிசை நின்டெண்டோவில் வந்துகொண்டிருந்தது. நின்டெண்டோ 64 கேசட்டையே பிடித்துக்கொண்டது, அதில் அதிகபட்சம் 64 எம்பிதான். சிடியில் 650 எம்பி பிடிக்கும், அச்சடிக்கும் செலவும் குறைவு. கேமை எடுத்தவர்கள் சோனியின் பிளேஸ்டேஷனுக்குப் போனார்கள், 1997ல் 3 சிடியில் வந்தது. கதை சொல்ல இடம் கிடைத்தது, கன்சோல் போட்டியின் தலையெழுத்தும் மாறியது.

இப்போது மாதச் சந்தா காலம். மைக்ரோசாஃப்டின் கேம் பாஸ் சந்தா 2017ல் தொடங்கியது. அதன் அல்டிமேட் திட்டம் 2025 அக்டோபரில் அமெரிக்காவில் 20 டாலரிலிருந்து 30 டாலருக்கு ஏறியது. சந்தாக்காரர் போய்விடக் கூடாது என்றால், ஆட்டம் முடியவே கூடாது என்று நினைக்கிற ஆளும் வருவார். முடிவில்லாத ஒன்றைக் கதை என்று எப்படிச் சொல்வது? அண்ணா, உங்கள் கடையில் ஸ்டார்ட் பட்டனை அமுக்கியது பசங்களின் விரல் இல்லை, அந்த மணிக் கணக்கு.

கூடலூர் பையன்

குன்னூர் அண்ணா, வரலாறு சரி. ஆனா நீங்க எல்லாரும் டிஸ்க்கைச் சாமி மாதிரி கும்பிடறீங்க. டிஸ்க் இருந்தா கேம் நம்மளோடதுன்னு யார் சொன்னா?

தி க்ரூ தெரியும்தானே? டிஸ்க்லயும் வித்த கார் கேம். 2024 மார்ச் 31ல சர்வரை அணைச்சாங்க. டிஸ்க் வச்சிருக்கறவங்களுக்கு அது வெறும் தட்டு. தனியா விளையாடக்கூட முடியாது. நின்டெண்டோவோட ஸ்விட்ச் 2ல கேம் கீ கார்டுன்னு வருது, கார்டுக்குள்ள கேமே இல்ல, சாவிதான் இருக்கு, கேமை நீங்கதான் இறக்கணும். பிஎஸ்5ல டிஸ்க் போட்டா முதல் நாளே பேட்ச், அதாவது பிழை திருத்தற கோப்பை, நெட்டுல இறக்கச் சொல்லுது.

எங்க வீட்ல மழைக்காலத்துல நெட்டு எப்படின்னு சொல்றேன். ஒரு 90 ஜிபி கேமை இறக்க நாலு ராத்திரி ஆச்சு, நடுவுல ரெண்டு தடவை கரண்ட் போச்சு. எனக்கும் டிஸ்க் பிடிக்காம இல்ல. அது நம்மளைக் காப்பாத்தும்னு நம்பித்தான் வாங்கினேன், காப்பாத்தல. அதுக்கு சந்தாவே தேவலை, குறைஞ்சபட்சம் அது என்னோடதுன்னு யாரும் பொய் சொல்லல.

குறிஞ்சி 2030

கூடலூர் தம்பி கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் கோத்தகிரி அண்ணன் பெட்டியில் இருப்பது வேறு தலைமுறை. பிஎஸ்2 கேமுக்குப் பேட்ச் கிடையாது. டிஸ்க்கில் அச்சடித்ததுதான் முழுக் கேம், பிழையோடு சேர்த்து. பிஎஸ்3 தலைமுறையில்தான் "வித்துவிட்டுச் சரிசெய்துகொள்ளலாம்" என்ற பழக்கம் கன்சோல்களில் ஊன்றியது. ஆக, இந்த 60 ஒரிஜினலும் பூஞ்சை இல்லாமல் இருந்தால் யார் சர்வரையும் கேட்காமல் ஓடும். தம்பியின் கோபம் இந்த டிஸ்க்குகளின் மேல் விழ வேண்டாம்.

நான் கொடைக்கானல். இங்கே சூரிய ஆய்வகத்தில் நூறாண்டுக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்த தகடுகள் இருக்கின்றன. 1909ல் எவர்ஷெட் இங்கேதான் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்புறமாக ஓடுவதைக் கண்டார். அந்தத் தகடுகளை எடுத்தவர்களுக்குக் கம்ப்யூட்டர் என்ற ஒன்று வரும் என்றே தெரியாது. யாரோ ஒழுங்காக உறையில் போட்டு, தேதி எழுதி, ஈரம் படாமல் வைத்தார்கள். அதனால் இன்று எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து நூறு வருடச் சூரியனை ஒரு சேர ஆராய்கிறார்கள். வைத்தவருக்கு எதற்கு என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை.

கேம்களில் இதைச் செய்ய ஆள் ரொம்பக் குறைவு. அமெரிக்காவில் வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. 2010க்கு முன் அங்கே வெளிவந்த கேம்களில் 87 சதவீதம் அப்போதே கடையில் வாங்கக் கிடைக்கவில்லை. அதே 2023 மார்ச்சில் நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யூ கன்சோல்களுக்கான இணையக் கடைகளை மூடினார்கள். 2024 ஜூலையில் எக்ஸ்பாக்ஸ் 360 கடை. புகழ்பெற்ற நாலு கேம் திரும்பத் திரும்பப் புதுப்பித்து வரும், தம்பி சொன்ன கொலோசஸ் மாதிரி. மீதிக்கு நாதியில்லை.

அண்ணா, விற்கும் முன் ஒரு வேலை செய்யுங்கள். எதெல்லாம் மறுவெளியீடு ஆகவில்லையோ அதைத் தனியாக எடுத்து வையுங்கள். விலையைப் பார்த்துப் பிரிக்காதீர்கள். மல்யுத்தக் கேமைப் பலர் கேட்பார்கள். 2009ல் ஹைதராபாதில் செய்து பிஎஸ்2க்கு வந்த ஹனுமான் பாய் வாரியர் உங்களிடம் இருந்தால், அதைப் புதுப்பித்து யாரும் தரப்போவதில்லை.

2006ல் குறிஞ்சி பூத்தபோது பிஎஸ்3 வெளியானது. 2018ல் பூத்தபோது நான் பிஎஸ்4ல் இருந்தேன். 2030ல் பூக்கும்போதும் உங்கள் டிஸ்க் ஓட வேண்டும்.

கோத்தகிரி கேம் சென்டர்

ஹனுமான் இருக்கு! உறை கூடப் பிரிக்கல. எங்க கடையில அதை ஒருத்தனும் கேக்கல, வாங்கினதே நினைவில்ல. எடுத்துத் தனியா வச்சுட்டேன்.

இந்துநகர் தங்கச்சி, நேத்து 14 டிஸ்க் கழுவினேன். 11 ஓடுது. நீலடிஸ்க் ஒண்ணுல வெளிச்சத்துக்குக் காட்டினா ஊசித் துளை மாதிரி தெரியுது, நீங்க சொன்ன மேல்பக்கம் போயிருக்கு.

மஞ்சூர் டீச்சர்

எல்லோரும் பாதுகாப்பது பற்றியே பேசுகிறீர்கள். கதைக்கு வருவோம்.

கூடலூர் தம்பி சொன்ன இரண்டும் நல்ல கேம்கள்தான். ஆனால் அவற்றில் கதை நடக்கும்போது நம் கை பெரும்பாலும் சும்மா இருக்கிறது. பார்க்கிறோம், பிறகு சண்டை போடுகிறோம், மறுபடி பார்க்கிறோம். கையே கதை சொல்லும் கேம் வேறு ஜாதி. எனக்கு அது வெண்பா என்ற கேமில் புரிந்தது.

தெரியாதவர்களுக்கு: 2023ல் டொரொன்டோவில் ஒரு சிறிய குழு செய்தது. 1980களில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். அம்மா பெயர் வெண்பா. பிரிட்டனின் பாஃப்டாவில் 2024ல் முதல் படைப்புக்கான விருது வாங்கியது. விளையாட்டு என்னவென்றால் சமையல். வெண்பாவுக்கு அவள் அம்மா கொடுத்த சமையல் குறிப்பு நோட்டில் எழுத்து அழிந்திருக்கிறது, கிழிந்திருக்கிறது. விடுபட்டதை நாம்தான் ஊகித்துச் செய்ய வேண்டும். முதலில் இட்லி.

என் அம்மாவை உட்கார வைத்து விளையாடினேன். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது, கன்ட்ரோலர் தொட்டதில்லை. இட்லித் தட்டை நான் அடுக்கியதைப் பார்த்து "அப்படியே அடுக்குனா ஆவி எப்படிடி போகும்?" என்றார். அந்தக் கேமுக்கு விடை அவரிடம் இருந்தது. பிறந்த ஊரை விட்டு வேலைக்காக மஞ்சூருக்கு வந்தவள் நான். அழிந்த வரியைக் கையால் நிரப்பும்போது என்ன ஆயிற்று என்று எனக்கு விளக்கத் தெரியவில்லை, அம்மாவிடம் அன்றைக்குக் குழம்புப் பொடி அளவு கேட்டு எழுதி வைத்தேன். ஒரு வெட்டு இல்லாத கேமரா இதைச் செய்யாது.

இன்னொன்று. டார்க் சோல்ஸ் கேமை எடுத்த ஹிடெடகா மியாசாகி சின்ன வயதில் தனக்கு முழுதாகப் புரியாத புத்தகங்களைப் படித்து, புரியாத இடத்தைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாகச் சொல்லியிருக்கிறார். அவர் கேமில் கதை துண்டு துண்டாகக் கிடப்பதற்கு அது ஒரு வேர். ஆங்கிலம் பாதி புரிந்து விளையாடிய நம் மலைப் பிள்ளைகளும் அப்படித்தான். அண்ணா, உங்கள் கடையில் கதையே இல்லை என்று சொல்லாதீர்கள். நன்றாக யோசித்துப் பாருங்கள்.

கோத்தகிரி கேம் சென்டர்

டீச்சர், நீங்க சொன்னதும் ராத்திரி தூக்கம் வரல. ஒரு பையன் இருந்தான். பக்கத்து ஹட்டி (படுகர் ஊரு), கான்வென்ட்ல படிச்சவன். அவன்கிட்ட காசு இருக்காது. விளையாட மாட்டான், சுவரோரம் நிப்பான். சான் ஆண்ட்ரியாஸ்ல மத்தவங்க கதையை அமுக்காம விட்டா, அவன் கீழ ஓடற ஆங்கில எழுத்தைப் படிச்சு படுகு பாஷையில சொல்லுவான். அவன் இருக்கற நாள் மட்டும் பசங்க அமுக்க மாட்டாங்க. அவன் சொல்றது திரையில இருக்கறதை விட நீளமா இருக்கும், பாதி அவனே சேத்தது. நான் அவனுக்கு ஒரு நாள்கூட இலவசமா அரை மணி நேரம் கொடுத்ததில்ல. இப்ப நெனச்சா மனசு கஷ்டமா இருக்கு.

அஞ்சாவது பூதம் கதை சொல்றேன்னு சொன்னேனே. அது ஒரு பறவை. ஏரி நடுவுல ஒரு தூண் மேல உக்காந்திருக்கு. முதல் நாலு பூதம் எப்படியோ போயிடுச்சு. இது நம்மளைப் பார்த்துட்டுச் சும்மா இருக்கு. நாம அம்பு விட்டாத்தான் எழுந்து வரும். என் பொண்ணு கன்ட்ரோலரை மடியில வச்சுட்டு, "அது நம்மளை ஒண்ணும் பண்ணலையேப்பா. நாம எதுக்கு அடிக்கணும்?"ன்னா. விளையாட மாட்டேன்னுட்டா. மூணு நாளா அந்த சேவ் அங்கேயே நிக்குது. டிவிடிக்குள்ள இதெல்லாம் இருந்திருக்கு, எட்டு வருஷம் நான் தட்டைத் தூக்கி அலமாரியில வச்சிருந்திருக்கேன்.

குன்னூர் மழை

அந்தக் கேமில் இதை வசனமாகச் சொல்லாமல் செய்ததுதான் பெரிய விஷயம். ஊர் இல்லை, சில்லறை எதிரிகள் இல்லை. ஒரு குதிரை, ஒரு வாள், ஒரு வில், 16 பூதம். அடித்து முடித்ததும் வெற்றி மேளம் வராது, சோக இசை வரும். பாப்பா கேட்டது கேமை எடுத்தவர்கள் கேட்க வைத்த கேள்வி. அவளை அவசரப்படுத்தாதீர்கள்.

குறிஞ்சி 2030

அவள் தொடர்ந்தால், 13வது வரும்போது நீங்கள் பக்கத்தில் இருங்கள். அதுவும் பறக்கும். அது கடைசி வரை நம்மைத் தாக்கவே தாக்காது. இப்போதைக்குச் சொல்லாதீர்கள்.

கூடலூர் பையன்

அண்ணா, நான் பிஎஸ்4ல 13வதை முடிச்சிருக்கேன். எத்தனை நிமிஷத்துல முடிச்சேன்னு மட்டும்தான் நண்பன்கிட்ட சொன்னேன். அது நம்மளைத் தாக்கலைங்கறதைக் கவனிக்கவே இல்ல. உங்க பாப்பா என்னை விட நல்லா விளையாடுது.

விக்கற விஷயத்துல என் பேச்சைத் திருப்பி எடுத்துக்கறேன். ஆனா புது டிஸ்க் வாங்கறதுல என் கருத்து மாறல. வாங்கறதுக்கு முன்னாடி, முழு கேமும் டிஸ்க்குக்குள்ள இருக்கான்னு பார்த்துட்டு வாங்கணும், அவ்வளவுதான்.

இந்துநகர் மகள்

அண்ணா, மெமரி கார்டு 11 என்றீர்களே, அதில் என்ன இருக்கிறது? அதை விற்றுவிடாதீர்கள். டிஸ்க் இன்னொன்று கிடைக்கலாம், சேவ் கிடைக்காது. இணைப்பு முனையை உலர்ந்த பஞ்சால் துடைத்து, ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். தவறியும் ஃபார்மேட் கேட்டால் ஆம் சொல்லாதீர்கள்.

கோத்தகிரி கேம் சென்டர்

11ஐயும் பார்த்துட்டேன். எல்லாம் 8 எம்பி. 9 படிக்குது. பசங்க கடையிலயே விட்டுட்டுப் போனது, பிளாஸ்திரி ஒட்டிப் பேனாவால பேர் எழுதியிருக்கு. ரெண்டுல மை அழிஞ்சிருக்கு. ஒண்ணுல சான் ஆண்ட்ரியாஸ் நூறு சதவீதம் முடிச்ச சேவ். மணிக்கு 15 ரூபாய் கணக்குல அவன் எவ்வளவு கொடுத்திருப்பான்னு கூட்டிப் பார்க்க முடியல. அந்தக் கார்டுகளை உரியவங்களுக்குக் கொடுக்கணும். இங்க பேர் போட மாட்டேன். 2006லேர்ந்து 2014க்குள்ள கோத்தகிரியில விளையாடினவங்க, கார்டு என்ன நிறம், பிளாஸ்திரியில என்ன எழுதியிருந்துச்சுன்னு தனிச் செய்தியில சொல்லுங்க, பொருந்தினா உங்களோடது.

கோயம்புத்தூர்காரருக்கு 23 டிஸ்க் மட்டும் கொடுக்கறேன், மல்யுத்தம், புட்பால், ரெண்டு மூணா இருக்கறது. மத்தது டப்பாவுல ஜெல்லோட.

பொண்ணு நேத்து ராத்திரி அவளாவே கன்ட்ரோலரை எடுத்தா. அரை மணி நேரம் அந்த ஏரியைச் சுத்தி நீந்தினா, குதிரையைக் கூப்பிட்டா, அம்பு எடுக்கல. ஒன்பதரைக்கு கரண்ட் போயிடுச்சு.

ஒரு உதவி: பழைய டிவி ஒண்ணு சாகப்போகுது, புது டிவியில மஞ்சள் சிவப்பு வெள்ளை வயர் சொருக இடமே இல்ல. பிஎஸ்2வை எச்டிஎம்ஐல இணைக்க நல்ல கன்வெர்ட்டர் யார் வச்சிருக்கீங்க? குன்னூர், ஊட்டி எங்கன்னாலும் நேர்ல வந்து பார்க்கறேன்.

மஞ்சூர் டீச்சர்

என்னிடம் ஒன்று இருக்கிறது அண்ணா. ஞாயிற்றுக்கிழமை ஊட்டி வருகிறேன், சேரிங் கிராஸில் கொடுக்கிறேன். பாப்பாவையும் கூட்டி வாருங்கள்.